நாகவல்லி நடித்துக் காட்டியது

சாட்சி: சித்ரா, வயது 41, கணவர் பெயர் முத்துக்கண்ணன், தேவகோட்டை.

நான் மேற்கண்ட ஊரில் கணவருடன் குடியிருந்து தையல் வேலை செய்து வருகிறேன். அமராவதிபுதூரில் டிராக்டர் வைத்துத் தொழில் செய்யும் அருள்பாண்டி என் உடன்பிறந்த தம்பி. நாகவல்லி அவன் மனைவி. என் தாயார் அக்கம்மாள் அவர்களுடன் இருக்கிறார்.

கடந்த ஞாயிற்றுக்கிழமை என் மகளுக்குக் காது குத்தி, தம்பி வீட்டில் விருந்து வைத்தோம். சாப்பாடு முடிந்து பெண்கள் ஹாலில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தபோது, நாகவல்லி ரேஷன் கடைக்காரர் பேசுவது போலவும் மினி பஸ் கண்டக்டர் கத்துவது போலவும் நடித்துக் காட்டினாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவளை நாங்கள் அப்படிப் பார்த்ததில்லை. அதன்பிறகு என் சித்தி மகள் அகல்யா, "எங்க அண்ணன் மாதிரி செஞ்சு காட்டுங்க மதினி" என்றாள்.

நாகவல்லி முதலில் மறுத்தாள். பிறகு எழுந்து வாசலுக்குப் போய், வண்டியை நிறுத்திவிட்டு வருபவன் போல உள்ளே வந்து, கையில் இல்லாத வாட்சை மெதுவாகக் கழற்றி டிவி பக்கத்தில் வைத்தாள். அதன்பிறகு சத்தம் போடாமல், என் தம்பியின் குரலிலேயே, "நாகு, இங்குட்டு வா" என்றாள்.

அப்போது நாற்காலியில் கண்ணயர்ந்திருந்த என் தாயார் எழுந்து போய்த் தெருப்பக்க ஜன்னலைச் சாத்திக் கொக்கி போட்டார். அதன்பிறகு ரிமோட்டை எடுத்து டிவி சத்தத்தைக் கூட்டினார். திரும்பியபோதுதான் நாங்கள் எல்லோரும் தன்னைப் பார்ப்பது அவருக்குத் தெரிந்தது. அகல்யா விழுந்து விழுந்து சிரித்தாள். எல்லோரும் சிரித்தோம். நாகவல்லி சிரிக்கவில்லை. அடுப்படி வாசலில் தம்பி தண்ணீர்ச் சொம்புடன் நின்றிருந்ததை அதன்பிறகே கவனித்தேன். அவனும் சிரித்து, "நல்லாத்தான் பாத்து வச்சிருக்கா" என்றான்.

அதன்பிறகு நாங்கள் பஸ்ஸுக்குக் கிளம்பினோம். நாகவல்லி கேட் வரை வந்து, "இன்னைக்கு இருந்துட்டுப் போங்க மதினி" என்றாள். மறுநாள் கொடுக்க வேண்டிய துணி கிடந்ததால் நான் இருக்கவில்லை.

திங்கள்கிழமை காலை தாயார் போன் செய்து, நாகவல்லி மாடிப்படியில் வழுக்கி விழுந்துவிட்டதாகச் சொன்னார். அதன்பிறகு நான் மருத்துவமனைக்குப் போனேன். தாடை எலும்பு உடைந்து கம்பி போட்டிருந்தார்கள். அவளால் பேச முடியவில்லை. என்ன நடந்தது என்று கேட்டதற்குக் கண்ணை மூடிக்கொண்டாள். அவள் விழுந்ததை நான் பார்க்கவில்லை. என் தாயார் ஜன்னலைச் சாத்தியதைப் பார்த்தேன்.

அங்கே நர்ஸ், எப்படி விழுந்தார் என்று விசாரித்தபோது தம்பி, "எங்க வீட்டம்மா நல்லா நடிப்பாக சிஸ்டர், ஏமாந்துராதீக" என்றான். நர்ஸ் சிரித்தார். இன்று நான் இங்கே காவல் நிலையத்துக்குக் கிளம்பி வரும்போது அவளுக்கு ஸ்ட்ராவில் கஞ்சி கொடுத்துக்கொண்டு அவன்தான் பக்கத்தில் இருந்தான். வேறு யாரும் இல்லை.

எழுதியதை வாசித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது. சொன்னது உண்மை.

(ஒப்பம்) மு. சித்ரா