மிச்சம் பூஜ்யம்

எங்கள் ஆய்வறையில் ஜன்னலோர நாற்காலி என்னுடையதுதான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நாற்காலிக்காகச் செய்தேன் என்று நீங்கள் போலீஸ் அறிக்கையில் எழுதிவிடக் கூடாது.

மழையை முன்கூட்டிச் சொல்வது எங்கள் வேலை. அதற்காகக் கணினிக்குள் ஓடும் வானத்தில், அணைக்கு மேலே ஒரு பெட்டி வரைவோம். உள்ளே வந்த ஈரம், வெளியே போனது, ஆவியாய் ஏறியது, மழையாய் இறங்கியது, உள்ளேயே சேர்ந்தது எல்லாம் கூட்டிக் கழித்தால் நேராக வேண்டும். நேராகாமல் நிற்பது மிச்சம். என் மிச்சம் பன்னிரண்டு மில்லிமீட்டர். மூன்று வருடம் அதோடுதான் குடித்தனம் நடத்தினேன்.

பிறகு தம்பி வந்தான். கூடப்பிறந்தவன் இல்லை, அறையில் இளையவன், என்னை அண்ணே என்பான். நான் மணிக்கொரு தரம் சேமித்த காற்றை வைத்துக் கணக்குப் போட்டேன். அவனோ கணினி ஓட ஓட, பெட்டிச் சுவரைத் தாண்டும் ஈரத்தை இருபது விநாடிக்கு ஒருமுறை எண்ணினான். மிச்சம் பூஜ்யம். பேராசிரியர் தன் காபிக் கோப்பையை என் மேஜையில் வைத்துவிட்டு, "பார்த்துக் கத்துக்கோப்பா" என்று சொல்லிப் போனார். கோப்பையை நான்தான் கழுவினேன்.

அவன் கணக்கைப் பார்த்துத்தான் அணையில் எப்போது மதகு திறப்பது என்று முடிவு செய்ய ஆரம்பித்தார்கள்.

நான் அவன் நிரலில் ஒரே ஒரு வரியை மாற்றினேன். சேரும் ஈரத்தில் பாதி வெளியே போய்விடுவதாக, வரப்போகும் மழையைக் குறைத்துக் காட்டும் வரி. இங்கே குறைத்ததை அங்கே கூட்டியதால் மிச்சம் பூஜ்யமாகவே இருந்தது. பூஜ்யம் வந்துவிட்டால் எங்கள் துறையில் யாரும் உள்ளே எட்டிப் பார்ப்பதில்லை. அந்தப் பழக்கத்தை நான் உண்டாக்கவில்லை.

அன்று காலை வானம் கறுத்துக் கிடந்தது. தம்பி திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏதோ உதைக்குதுண்ணே. நீங்க ஒரு தடவை பாருங்களேன்."

பார்த்தேன். "மிச்சம் பூஜ்யம்தானேடா. அணைக்கு அனுப்பிட்டு வா, சாப்பிடப் போலாம்" என்றேன்.

அணைக்குக் கீழே பதினேழு வீடுகள். ஐந்தாவது அவன் அக்காவுடையது. தெரியும், அங்கே இரண்டு முறை சாப்பிட்டிருக்கிறேன், நல்ல கை.

காலையில் மெதுவாகத் திறந்திருக்க வேண்டிய மதகை மாலையில் ஒரேயடியாகத் திறந்தார்கள். ஒன்பது பேர். அக்காவும் அதில் ஒருத்தி. "என் கணக்குதாண்ணே கொன்னுடுச்சு" என்று தம்பி என் தோளில் சாய்ந்தான். தட்டிக்கொடுத்தேன். நீங்கள் வந்து அவனைக் கூட்டிப்போகும் வரை அவனுக்கு ஆறுதலாக இருந்தது நான் ஒருவன்தான்.

நான் பேசாமல் இருந்திருப்பேன். ஆனால் நேற்று விசாரணைக் குழுவிடம் பேராசிரியர் சொன்னார்: "இவ்வளவு நுணுக்கமான தப்பு அவன் ஒருத்தனாலதான் பண்ண முடியும்." சொல்லும்போது அவர் குரலில் லேசான பெருமை இருந்தது.

அந்த வரி என்னுடையது. அறிக்கையில் அதற்கு நேரே என் பெயரைப் போட்டுவிடுங்கள். மற்றபடி எனக்கு அவன்மேல் பொறாமையெல்லாம் ஒன்றும் கிடையாது.