சட்டைப்பையில் இருந்த சிப்

மத்தியானம் இரண்டு மணி தாண்டிவிட்டது. பேய் என்றால் ராத்திரி பன்னிரண்டுக்குத்தான் வர வேண்டும் என்று யார் சட்டம் போட்டது? மண்டையைப் பிளக்கிற வெயில். இரண்டு பக்கமும் பூட்டிய கிடங்குகள், நடுவில் ஒரு நீளச் சாலை, ஒரு நாய்கூடக் கிடையாது... அதில் ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்தார் நிபுணர்.

நிபுணர் என்பது நாம் வைத்த பெயர் இல்லை. அவரே விசிட்டிங் கார்டில் அச்சடித்துக்கொண்டது. நம் கூட்டாளி ஒருவன் இருக்கிறானே, கொஞ்ச நாளாக வெளியிலேயே தலைகாட்டாதவன், அவனுடைய அக்கா புருஷன். வசதியானவர்கள் மேசைமேல் பொம்மை ரயில் ஓட்டி விளையாடுகிறார்கள் அல்லவா, அந்த ரயில்களைப் பழுது பார்ப்பது அவர் தொழில். பொம்மை என்று சொன்னால் கோபம் மூக்குக்குமேல் வந்துவிடும். மாடல் என்று சொல்ல வேண்டும். சரி, மாடல்.

தன்னைத் தவிர உலகத்தில் எல்லோரும் மடையர்கள் என்பது அவர் கட்சி. அதற்குக் காரணமும் வைத்திருந்தார். அந்த எஞ்சின் ஒவ்வொன்றுக்குள்ளும் நகத்தளவு ஒரு சிப் இருக்கும், அதற்கு ஒரு எண். கன்ட்ரோலரில் அந்த எண்ணை அழுத்தினால் அந்த எஞ்சின் மட்டும் நகரும். கடையிலிருந்து வரும்போது எல்லாவற்றுக்கும் எண் மூன்றுதான். வாங்கியவன் மாற்றிக்கொள்ள வேண்டும். மாற்றித் தொலைக்க மாட்டான். அப்புறம் ஒன்றை ஓட்டினால் இன்னொன்றும் கிளம்பும், "சார், தானா ஓடுது" என்று போன் வரும். இன்னொரு கோளாறும் உண்டு. சுவிட்சைப் போட்டதும் கட்டளை வந்து சேராவிட்டால், எஞ்சின் தன்னைச் சிப் இல்லாத பழைய காலத்து மாடல் என்று நினைத்துக்கொண்டு முழு வேகத்தில் பாயும். ஒரு செட்டிங்கை அணைத்தால் தீர்ந்தது. இந்த இரண்டை வைத்தே மனிதர் இத்தனை வருஷம் பிழைத்துவிட்டார். 'தெரியலை' என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததே கிடையாது என்று அவர் மனைவியே சொல்லுவாள்.

சாலைக் கடைசியில் அவரைப் பழுது பார்க்கக் கூப்பிட்டிருந்த வீடு. கதவைத் திறந்தவன் அந்த வீட்டு மகன்.

"அப்பா போய் நாலு மாசம் ஆச்சு. அவர் ரயில் தானா ஓடுதுன்னு அம்மா தினமும் சொல்றாங்க. நான் ஒரு தடவைகூடப் பாக்கல. எஞ்சின்ல கோளாறுன்னு நீங்க சொன்னீங்கன்னா சரி, அம்மா இங்கயே இருக்கட்டும். கோளாறு இல்லன்னா... முதியோர் ஹோம்ல இடம் பாத்து வச்சிருக்கேன். வீட்டப் பூட்டிடலாம்."

அம்மா பக்கத்திலேயேதான் நின்றுகொண்டிருந்தாள். நாற்காலியை எங்கே போடலாம் என்று கேட்கிற மாதிரி பேசினான் அந்தப் புண்ணியவான். பேசிவிட்டுப் போனை நோண்டப் போய்விட்டான்.

மாடி அறை முழுக்க ஒரே மேசை. தண்டவாளம் வளைந்து வளைந்து போகிறது. அட்டையில் செய்த மலை, நடுவில் ஒரு சின்ன ஸ்டேஷன். ஜன்னல் சாத்தியிருந்தது. நிபுணர் பையை இறக்கிவைத்தார்.

"ஓடும்போது தலைதெறிக்கப் பாயுமா?"

"இல்ல தம்பி. மெதுவா வரும். ஸ்டேஷன்ல நிக்கும்... யாரோ ஏறுறதுக்கு நிக்கிற மாதிரி. அப்புறம் கிளம்பும். அவர் அப்படித்தான் ஓட்டுவார்."

அங்கேயே யோசித்திருக்க வேண்டும். அவருக்குத் தெரிந்த எந்தக் கோளாறும் ஸ்டேஷனில் நிற்காது. ஆனால் ஒரு கிழவி சொல்வதைக் கேட்டு யோசித்தால் நிபுணரின் கௌரவம் என்ன ஆவது? "எல்லாம் நம்பர் மூணு பண்ற வேலைம்மா" என்று சொல்லிவிட்டு எண்ணைப் பார்த்தார். மூன்று இல்லை. செத்துப்போன மனிதர் ஒழுங்காக மாற்றி வைத்திருந்தார். செட்டிங்கைப் பார்த்தார். அதுவும் அணைத்திருந்தது. பழுது வைக்காமல் செத்துப்போனதற்காக அந்த மனிதர்மேல் அவருக்கு எரிச்சல்கூட வந்ததாம்.

பிளக்கைப் பிடுங்கினார். எஞ்சினின் மேல்மூடியைக் கழற்றினார். சிப்பை உருவித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். கரண்ட் இல்லை, சிப் இல்லை, வெறும் இரும்பு. அதைத் தண்டவாளத்தில் வைத்துவிட்டு, குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னார்.

"இப்ப ஓடுதான்னு பாப்போமா?"

கீழே எங்கேயோ கடிகாரம் மூன்று அடித்தது.

முதலில் வாசனைதான் வந்தது. எண்ணெய் சூடேறினால் வருமே, அது. அப்புறம் சத்தம். டக்... டக்... தண்டவாளம் ஒட்டுகிற இடங்களில் சக்கரம் ஏறி இறங்குகிற சத்தம். மூடி இல்லாததால் உள்ளே மோட்டார் சுற்றுவது கண்ணுக்குத் தெரிந்தது. எஞ்சின் மெதுவாக மலையைச் சுற்றி வந்தது. ஸ்டேஷனில் நின்றது. நின்றது... நின்றுகொண்டே இருந்தது. அப்புறம் கிளம்பியது.

நிபுணர் கையைச் சட்டைப்பையில் விட்டுப் பார்த்தார். சிப் அங்கேதான் இருந்தது. அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"பாத்தீங்கல்ல?" என்றாள் அந்த அம்மாள். அவளுக்குப் பயமே இல்லை. "பாத்தத மட்டும் அவன்கிட்ட சொல்லிடுங்க தம்பி. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

கீழே மகன் போனிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டான். "என்ன சார், கோளாறா?"

என்ன பெரிய விஷயம்? 'ஓடுது, ஏன்னு தெரியலை.' இவ்வளவுதான் சொல்ல வேண்டும். ஒரு பெண்பிள்ளை தன் வீட்டில் இருந்துவிட்டுப் போவாள். அது அந்த வாயில் வருமா? நிபுணர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எஞ்சின்ல ஒண்ணுமில்ல. எல்லாம் பக்காவா இருக்கு. அம்மாவுக்குத்தான் கொஞ்சம் ஓய்வு வேணும்."

அவள் சண்டை போடவில்லை. அழவும் இல்லை. மாடிக்குப் போனாள், எஞ்சினை ஒரு துண்டில் சுற்றிக்கொண்டு வந்து அவர் கையில் வைத்தாள்.

"உங்ககிட்டயே இருக்கட்டும் தம்பி. நீங்கதான பாத்தீங்க."

வேண்டாம் என்றால் மகன் ஏன் என்று கேட்பானே. வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். மறு வாரமே அவளை ஹோமில் சேர்த்தார்கள். வீட்டுக்குப் பெரிய பூட்டு.

நிபுணர் அந்த எஞ்சினை வீட்டில் இரும்பு பீரோவுக்குள் வைத்துப் பூட்டினார். அடுத்த நாள் மூன்று மணி... பீரோவுக்குள் டக்... டக்... பீரோவுக்குள் தண்டவாளம் ஏது? கொஞ்ச தூரம் ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். மனைவியைக் கூப்பிடுவார். அவள் ஈரக்கையோடு வந்து நிற்கும்போது சத்தமே இருக்காது. ஸ்டேஷனில் நிற்கிற நேரம் அது.

"கேக்குதா?" என்பார்.

"என்னங்க கேக்கணும்?" என்பாள் பாவம்.

வேலைக்குப் போவதை நிறுத்தினார். சாப்பிட உட்கார்ந்தால் பீரோவையே பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி பயந்துபோய்த் தம்பியை வரவழைத்தாள். நம் கூட்டாளிதான். கடைசியில் அவன்தான் சொன்னான், பஞ்சரைக் கூப்பிடலாம் என்று. பஞ்சர் இன்னொரு ரயில் மெக்கானிக். ஒட்டுப்போடத்தான் தெரியும் என்று அந்தப் பட்டத்தைக் கொடுத்தவரே நிபுணர்தான். பஞ்சர் பார்த்துக் கோளாறு என்று சொன்னால் சரி. இல்லையென்றால் ஆளை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுவது என்று அக்காவும் தம்பியும் முடிவு செய்தார்கள்.

பஞ்சர் வந்தான். நிபுணரே கூப்பிட்டனுப்பிவிட்டார் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டுத்தான் வந்தான். அக்காவையும் தம்பியையும் வெளியே இருக்கச் சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டான். எஞ்சினை மேசைமேல் வைத்தான்.

"சிப் எங்கண்ணே?"

நிபுணர் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். பஞ்சர் ஒரு சிரிப்புச் சிரித்து, அதைத் தன் பையில் போட்டுக்கொண்டான். மூன்று மணி ஆயிற்று. எண்ணெய் வாசனை வந்தது.

அவன் கதவைத் திறந்தபோது சட்டையெல்லாம் வியர்வை. நிபுணர் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக இன்னொருத்தன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராதா என்று ஏங்கினார்.

"எஞ்சின்ல ஒண்ணுமில்லக்கா" என்றான் பஞ்சர். "எல்லாம் பக்காவா இருக்கு. அண்ணனுக்குத்தான் கொஞ்சம் ஓய்வு வேணும்."

சொல்லும்போது ஒரு கை சட்டைப்பையை இறுக்கிப் பிடித்திருந்தது. அந்தப் பிடி நிபுணருக்குத் தெரியாதா? அவர் சண்டை போடவில்லை. எழுந்துபோய் எஞ்சினைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்து பஞ்சர் கையில் வைத்தார்.

"உங்கிட்டயே இருக்கட்டும். நீதான பாத்த."

பஞ்சர் வாங்கிக்கொண்டு அவசர அவசரமாகப் படியிறங்கினான். இறங்க இறங்க, துண்டுக்குள்ளிருந்து டக்... டக்... அக்கா தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"டேய், உனக்கு ஏதாவது கேக்குதா?"

"ஒண்ணும் கேக்கலக்கா" என்றான் நம் கூட்டாளி. அன்றையிலிருந்துதான் அவன் வெளியில் தலைகாட்டுவதில்லை.