மொத்தமாகக் கேட்ட செல்லக்கனி

நைட்டி வியாபாரத்தில் நயமாகப் பேச வேண்டிய அவசியமே இல்லை அம்மா. சேலை என்றால் வந்தவர்களை உட்காரவைத்து, குடிக்கக் கலர் சோடா வாங்கிக் கொடுத்து, அரைக் கடையை இறக்கிக் காட்ட வேண்டும். நைட்டிக்கு இரண்டே கேள்விதான். பாக்கெட் இருக்கிறதா, சாயம் போகுமா. முதலாவதற்கு இருக்கிறது என்றும் இரண்டாவதற்குப் போகாது என்றும் முகம் மாறாமல் சொல்லத் தெரிந்தவன் எவனும் ராஜபாளையத்தில் கடை வைக்கலாம். நான் முப்பது வருடமாக வைத்திருக்கிறேன்.

பெயர் சேக் முகைதீன். இந்த அறையில் போலீஸ்காரர் யாரும் இல்லை, என்னை யாரும் மிரட்டவில்லை, நான் சொல்வது எனக்கு எதிராகவே பயன்படும் என்பதை நீங்கள் இரண்டு தடவை சொல்லிவிட்டீர்கள். யோசிக்க அவகாசமும் கொடுத்தீர்கள். மாஜிஸ்திரேட்டுகளுக்கு இத்தனை பொறுமை இருக்கும் என்று நான் நினைத்ததில்லை, அதிலும் என் மகள் வயதில் ஒருவருக்கு. யோசித்தாயிற்று. சொல்கிறேன். டைப் அடிக்கிற தம்பி கூடவே வந்தால் போதும்.

சுமையா இந்த ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்துகொண்டு போனில் நைட்டி விற்கிற பெண். புருஷன் ஹாரிஸுக்கு சவுதியில், தம்மாமில் வேலை. வீட்டு முன்னறையில் ஒரு கொடி கட்டி, எதிரே வட்ட விளக்கு ஒன்றை நிறுத்தி, பேஸ்புக் லைவில் ஒவ்வொரு நைட்டியாகத் தூக்கிக் காட்டுவாள். பார்க்கிற பெண்கள் கீழே நம்பரைப் போட்டு ‘புக்’ என்று எழுதுவார்கள். எழுதியவர்களுக்குப் பார்சல் போகும். கடை கிடையாது, வாடகை கிடையாது, விளம்பரப் பலகை கிடையாது. வாய் மட்டும் உண்டு.

"அக்கா, இந்தப் பாக்கெட்டப் பாருங்க, தேங்காயே வைக்கலாம். மாமியாருக்கு எடுக்கீகன்னா ரெண்டு சைஸ் பெருசா எடுங்க. கொறை சொல்ல இடம் குடுத்துறாதீக."

இதுதான் அவள் வியாபாரப் பேச்சு. பெண்கள் சிரிப்பார்கள். சிரித்தவர்கள் வாங்கிவிடுவார்கள்.

ஆரம்பத்தில் என் கடையில்தான் சரக்கு எடுத்தாள். பிறகு ஒருநாள் தானே பஸ் ஏறித் தளவாய்புரம் போய், தைக்கிற இடத்திலேயே விலை பேசிக்கொண்டாள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்கப்புறம் என் கடைக்கு வருகிறவர்கள் போனை நீட்ட ஆரம்பித்தார்கள். "பாய், இதே துணிய லைவ்ல கொறச்சுத் தாராவளே." படியேறி வந்து, நின்று, முறைத்து, திரும்பிப் போவது போலப் போய்ப் பேரம் பேசுகிறவர்களை நான் மதிப்பேன். கட்டிலில் படுத்துக்கொண்டு கட்டைவிரலால் பேரம் பேசுகிற கூட்டத்தை என்னவென்று மதிப்பது?

ஆகவே செல்லக்கனியை உண்டாக்கினேன்.

செல்லக்கனி தேவதானத்துக்காரி. விவசாயக் குடும்பம், இரண்டு பிள்ளைகள், முகப்புப் படத்துக்கு அய்யனார் கோவில் அருவி. ஒரு டீ ஆறுவதற்குள் பிறந்துவிட்டாள். மதியம் கடையில் ஆள் வராத நேரத்தில் சுமையாவின் லைவில் போய் உட்காருவாள். முதலில் நியாயமாகத்தான் பேசினாள். துணி நாலு சலவை தாங்காது, கீழ் மடிப்பில் மிச்சம் பிடித்திருக்கிறார்கள், கழுத்துப்பட்டி வேறு துணி. எல்லாம் உண்மை. ஒருத்தியும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சரக்கைக் குறை சொன்னால் யாருக்கும் சுவாரஸ்யம் இல்லை என்பதை அப்போதுதான் கற்றுக்கொண்டேன். விற்கிறவளைக் குறை சொல்ல வேண்டும்.

‘இவ துணியக் காட்டவா வாரா, தன்னையக் காட்ட வாரா’ என்று செல்லக்கனி ஒரு வரி எழுதினாள். அதன் பிறகு எனக்கு வேலையே இருக்கவில்லை. வாழ்நாளில் ஒரு நைட்டி வாங்கியிராத ஆண்கள் வந்து குவிந்தார்கள். புருஷன் ஊரில் இல்லையா, எந்தத் தெரு, கதவைத் தட்டினால் திறப்பாயா. நான் அவர்கள் ஒருவரையும் கூப்பிடவில்லை. கூலி கேட்காமல் உழைக்கிற ஆட்கள் இத்தனை பேர் இருப்பது முன்பே தெரிந்திருந்தால் கடைக்கு ஆள் வைத்தே இருக்கமாட்டேன்.

அவள் அதற்கும் அசையவில்லை. "அண்ணாச்சி, உங்க அளவுக்கு நம்மகிட்ட நைட்டி இல்ல, வேற கடை பாருங்க" என்று ஒருவனை விரட்டிவிட்டு, அதே கையோடு அடுத்த நைட்டியைத் தூக்கினாள். அன்றைக்கு விற்பனை கூடிவிட்டது.

அதனால்தான் படம்.

முகம் அவளுடையது, மற்றது அவளுடையதில்லை. அதற்கெல்லாம் இப்போது ஆப் இருக்கிறது, படிப்பு தேவையில்லை. நான் அதைப் பொதுவில் போடவில்லை. செல்லக்கனி வாடிக்கைக்காரிகளுக்குத் தனித்தனியாக அனுப்பினாள், ‘இவகிட்டயா வாங்குதீக’ என்று மட்டும் கேட்டு. ஹாரிஸுக்கும் ஒன்று அனுப்பினாள். ஊர்க் குரூப்புகளில் அதைத் தூக்கிப் போட்டவர்கள் வேறு ஆட்கள். அவர்களையும் தொழுகையிலோ கோவிலிலோ நீங்கள் பார்க்கலாம்.

சுமையா என் வீட்டுக்கு ஓடிவந்தாள். ஏன் என்னிடம் என்று கேட்பீர்கள். எங்கள் குடும்பங்களில் ஒரு பெண்ணுக்கு ஒன்று என்றால், போலீஸ், வக்கீல் என்று போவதற்கு முன்னால் தாய்மாமனிடம்தான் போவாள். நான் அவளுடைய தாய்மாமன். அவள் அம்மா மாஜிதா என்கூடப் பிறந்த தங்கை.

"மாமா, நான் ஸ்டேஷனுக்குப் போறேன். நீங்க கூட வந்து நின்னாப் போதும்."

"போயி? அங்க இருக்க அம்புட்டுப் பேருக்கும் அந்தப் படத்த நீயே காட்டப் போறியா? பொறவு கோர்ட்டுல வேற ஒவ்வொருத்தனாப் பாப்பான். மொதல்ல அத அழி. உன் போன்ல அது இருக்கவே கூடாது. அந்தச் செல்லக்கனி எவளோ, அவளப் பிளாக் பண்ணு. லைவ நிறுத்து. ஊரு தானா மறந்துரும்."

"கை நடுங்குது மாமா. நீங்களே அழிச்சிருங்க."

போனை என்னிடமே கொடுத்தாள். படம், கேலி, மிரட்டல் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் அழித்துக் கொடுத்தேன். செல்லக்கனியை நானே பிளாக் செய்து அடைத்தும் வைத்தேன். என் மனைவி ஃபரீதா அவளுக்கு டீ கொண்டுவந்தாள்.

அன்று சாயங்காலமே ஹாரிஸ் கூப்பிட்டான். "மாமா, அது அவதானா? நீங்க இல்லன்னு சொல்லுங்க, நான் நம்பிக்கிடுதேன்."

ஆமாம் என்று நான் சொல்லவில்லை அம்மா, இதைத் தம்பி சரியாக அடிக்கட்டும். இல்லை என்றும் சொல்லவில்லை. "நான் என்னத்தச் சொல்ல மாப்பிள்ள, பொறுமையா இருங்க" என்றேன். அதற்குப் பிறகு அவன் அவளோடு பேசவில்லை. பிள்ளையை மட்டும் போனில் கேட்டான். மாஜிதா சாப்பாட்டை விட்டுப் படுத்துவிட்டாள். நான் பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

லைவ் நின்றது. என் கடையில் பழைய முகங்கள் தெரிந்தன.

பல நாள் வீட்டுக்குள்ளேயே கிடந்தவள், வெளியே கிளம்பியபோது இந்தக் கோர்ட் வளாகத்துக்குத்தான் வந்திருக்கிறாள். இங்கே இலவசச் சட்ட உதவி என்று ஓர் அறை இருக்கிறது. அதில் பொன்மணி என்று ஒரு வக்கீல். காசு வாங்காத வக்கீல் எப்படிப்பட்ட வக்கீலாக இருப்பார் என்று நான் நினைத்தேனோ அது தப்பாகப் போயிற்று. அங்கே நடந்ததையெல்லாம் பிறகு சுமையாவே என் முகத்துக்கு நேரே சொன்னாள்.

"அழிக்கச் சொன்னது யாருமா?" என்றாராம் பொன்மணி. "அதுதானே சாட்சி. சரி, படம் வந்தவங்க போன்ல இருக்கும்ல. லிங்கும் தேதியும் தெரியுற மாதிரி எடுத்து அனுப்பச் சொல்லு. போனையும் யாரும் மாத்த வேண்டாம்னு சொல்லு."

வாடிக்கைக்காரிகள் அனுப்பினார்கள். கடையில் ஒரு ரூபாய்க்கு ஒருநாள் சண்டை போடுகிற பெண்கள், கூப்பிட்ட உடனே சாட்சி சொல்லவும் வருகிறேன் என்றார்களாம். சைபர் குற்றத்துக்கென்று இருக்கிற இணையதளத்தில் ஒரு புகார், ஸ்டேஷனில் ஒரு புகார், பேஸ்புக்காரனுக்குத் தனியாக ஒன்று. இப்படி ஒட்டுப்போட்டுச் செய்த படம் என்றால், அதில் இருக்கிறவளே எழுதிக் கேட்டால் போதும், உடனே எடுத்தாக வேண்டுமாம். எடுத்தும்விட்டான். பெண்களைத் துன்புறுத்தினால் அதற்கு ஒரு சட்டம், ஆபாசப் படத்துக்கு ஐ.டி. சட்டம், விடாமல் பின்தொடர்ந்தால் அதற்கொரு பிரிவு என்று பொன்மணி எடுத்து எடுத்துப் போட்டிருக்கிறார். எனக்குத் தெரிந்து பெண்களுக்கு ஒரே சட்டம்தான், ஊர் வாய். அதை நம்பித்தான் முதல் போட்டேன்.

கடைசியில் பொன்மணி கேட்டிருக்கிறார், "இந்த மொகம் எந்தப் போட்டோவுல உள்ளது?"

நோன்புப் பெருநாளன்று என் வீட்டில், மாஜிதா அவள் தலையைத் துவட்டிவிடும்போது எடுத்தது. சிரித்துக்கொண்டிருந்தாள். எடுத்தவன் நான். அது எந்த இணையத்திலும் ஏறியதில்லை, யாருக்கும் போனதில்லை. "எங்க மாமா" என்றாளாம் சுமையா.

"நீ சொன்னா மட்டும் பத்தாது. அவர்தான் செல்லக்கனின்னு தெரியணும். கம்பெனிகிட்ட போலீஸ் கேட்டிருக்கு, அது வர நாளாகும். அதுவரைக்கும் அந்தக் கணக்க மூடச் சொல்லி மட்டும் கேட்டுறாத."

பாதி விவரம் கையில் இருந்தால் மீதியை வரவழைப்பது எப்படி என்று எங்கள் குடும்பத்துப் பெண்ணுக்கு வக்கீல் சொல்லித்தர வேண்டியதில்லை. மறுபடி லைவில் வந்தாள். என்னைத் தெரிந்துகொண்டே சிரித்தபடி நின்றாள். நான் அடைத்த கதவு செல்லக்கனிக்கு எப்படித் திறந்தது என்று நான் யோசிக்கவில்லை. திறந்திருந்தது, உள்ளே போனேன்.

"அக்கா, மில்லுல மிஞ்சுன காட்டன். தச்ச கூலிக்குக் குடுக்கேன், துணி சும்மா."

பெண்கள் நீலம் இருக்கிறதா, பெரிய சைஸ் இருக்கிறதா என்று ஒன்றும் இரண்டுமாகக் கேட்டார்கள். செல்லக்கனி எழுதினாள்: ‘மொத்தமா எடுத்துக்கிடுதேன். இன்னுங் கொஞ்சம் கொறைங்க.’

இதைக் கேட்டு விசாரணை அதிகாரி வாய்விட்டுச் சிரித்தார். நீங்களும் சிரிக்கலாம், கோர்ட் அவமதிப்பு ஆகாது. அடக்க விலைக்குக் கீழே ஒரு சரக்கு கண்ணெதிரே போகும்போது சும்மா இருக்கிறவன் எங்கள் கடைவீதியில் இன்னும் பிறக்கவில்லை. அதையும் சொன்ன விலைக்கே வாங்கினேன் என்றால் எங்கள் அத்தா கபுரிலிருந்து எழுந்து வந்து கேட்பார். தேவதானத்தில் களையெடுக்கிற ஒருத்தி ஒரு வண்டி நைட்டியை வைத்துக்கொண்டு என்ன செய்வாள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

"கொறச்சுட்டாப் போச்சு, உங்களுக்கு இல்லாததா அக்கா? ராஜபாளையம் பார்சல் ஆபீஸ்ல போட்டு விடுதேன்" என்றாள்.

கடை ஆளை அனுப்பியிருக்கலாம். ஆனால் நான் தொட்டுப் பார்க்காமல் சரக்கு எடுப்பதில்லை. பார்சல் ஆபீசில் போனைத் திறந்து, செல்லக்கனிக்கு வந்த செய்தியைக் காட்டி, மூட்டை எது என்று கேட்டேன். ஆபீஸ்காரர் கை காட்டினார். மூட்டைமேல் சுமையா உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் சேலை கட்டி நின்ற அம்மா சப்-இன்ஸ்பெக்டர் என்று அப்போது தெரியாது.

"வாங்க மாமா. செல்லக்கனி அக்கா வரலியா?"

"ஏட்டி, நீ இங்க என்ன செய்யுத?"

"சரக்குப் பிடிச்சிருக்கான்னு கேக்க வந்தேன். தொட்டுப் பாருங்க. இன்னுங் கொஞ்சம் கொறைக்கணுமா?"

மூட்டைக்குள் பேண்டேஜ் மில்லின் கழிவுப் பஞ்சு. சப்-இன்ஸ்பெக்டர் என் கையிலிருந்த போனை, செல்லக்கனி திறந்திருக்கும்போதே வாங்கிக்கொண்டார். சுமையா அழவில்லை, கத்தவில்லை. "என் போன்ல ஒவ்வொண்ணா அழிச்சுக் குடுத்தீகளே மாமா, அப்பக்கூட உங்க கை நடுங்கலயே" என்று மட்டும் சொன்னாள். சுற்றி நின்ற கூலியாட்கள் மூட்டையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

ஆகவே அம்மா, எழுதிக்கொள்ளுங்கள். செல்லக்கனி நான்தான். படம் செய்தது நான், வாடிக்கைக்காரிகளுக்கும் ஹாரிஸுக்கும் அனுப்பியது நான், சாட்சியை அழித்தது நான். ஹாரிஸ் ஊருக்கு வந்து அவள் காலில் விழாத குறையாம். மாஜிதா எழுந்து சாப்பிடுகிறாளாம். யாருக்கும் பெரிய நஷ்டம் இல்லை, என்னைத் தவிர.

ராஜியாகப் போகலாம் என்று, ஜெயிலுக்கு என்னைப் பார்க்க வந்த ஃபரீதாவிடம் சொல்லியனுப்பினேன். போலீஸ் எடுத்த போனில் இருந்தது ஒரு படம். செய்து வைத்த மற்றவை வேறு இடத்தில் இருக்கின்றன. புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டால் ஒன்றுகூட வெளியே வராது. நியாயமான பேச்சு. ஃபரீதா பதிலோடு வந்தாள்.

"அவ சொன்னத அப்படியே சொல்லுதேன். ‘அதையும் போடச் சொல்லுங்க மாமி. மொகம் என்னுது, மத்ததெல்லாம் அவிய கைவேலைன்னு இப்ப ஊருக்கே தெரியும்.’"

சொல்லிவிட்டுப் போன ஃபரீதா திரும்ப வரவில்லை. இப்போது மாஜிதா வீட்டில் இருக்கிறாளாம், லைவில் நைட்டி மடித்துக் கொடுத்துக்கொண்டு.

சுமையா சின்னப் பெண், விவரம் போதாது. அதனால்தான் நேரே உங்களிடம் பேச வந்தேன். நடுவில் ஒருவர் இருந்தால் விலை படியும். நீங்களே அவளைக் கூப்பிட்டு எடுத்துச் சொல்லுங்கள். அந்தப் படங்கள் வெளியாள் ஒருவன் கையில் சிக்கியிருந்தால் அவள் மானம் என்ன ஆகியிருக்கும்? தாய்மாமன் நான் இருக்கிறேன், பத்திரமாக வைத்திருக்கிறேன்.