ஒன்பது வளைவுகள்

எனக்குத் தூசி என்றால் ஆகாது. உட்காருமுன் உங்கள் நாற்காலியைத் துடைத்துக்கொண்டேன்; தப்பாக நினைக்காதீர்கள், முப்பத்தொரு வருடப் பழக்கம். மலைமேல் இருக்கும் தொலைநோக்கியின் கண்ணாடிகளைத் துடைப்பதும், கேமராவைக் குளிர வைப்பதும் என் வேலை. நான் கீழே தூசியைத் துரத்துவேன். எனக்கு மேலதிகாரிகளாக இருந்தவர்கள் வானத்தில் தூசியைத் தேடுவார்கள். முப்பத்தொரு வருடமும் இந்தக் கூத்துதான்.

விண்மீன் தூசிக்குள்தான் பிறக்கும். நம் கண்ணுக்கு வெறும் கரித்துணி போலத் தெரியும். ஆனால் உள்ளே பிள்ளை சூடாக இருந்தால் போர்வையும் சூடேறும் அல்லவா? அந்தச் சூட்டைப் பார்ப்பதுதான் அகச்சிவப்புக் கேமரா. அதன் முகத்தில் இருக்கும் வட்டக் கண்ணாடியை ஜன்னல் என்போம். எந்தச் சூடும் கேமராவின் கண்ணுக்குத் தப்பாது. அதனால் தினமும் பிற்பகலில் திரவ நைட்ரஜனை ஊற்றி அதன் உடம்பை விறைக்க வைப்பேன். பக்கத்தில் நின்று நான் தும்மினால் வானத்தில் புதிதாக ஒரு விண்மீன் முளைத்துவிடும் என்று கேலி செய்வார்கள். நான் தும்மியதே இல்லை.

என் மகள் அங்கேயே ஆராய்ச்சியாளர். பத்து வருடத்துக்கு முன், நம் பக்கத்து விண்மீன் திரள் ஒன்றின் ஓரத்தில் ஒரு வெளிச்சத்தைக் கண்டுபிடித்தாள். ஒன்றுக்குள் ஒன்றாக ஒன்பது வளைவுகள், குறுக்கே ஒரு கருங்கோடு. ஒன்பது தலைமுறை விண்மீன்கள் அலையலையாகப் பிறந்த இடம் என்று எழுதினாள். உலகம் அதைத் ‘தொட்டில்’ என்றது. படத்தைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினேன். வீட்டுக்கு வந்த ஒருவர் தொட்டில் என்று கேள்விப்பட்டு, “பேரனா, பேத்தியா?” என்றார். “ஒன்பது” என்றேன்.

பிறகு ஊசி வந்தார். மற்றவர்களின் முடிவுகளைச் சரிபார்ப்பது அவர் தொழில். பலூன் இருக்கும் இடமெல்லாம் வருவார் என்பதால் அந்தப் பெயர். வருடத்துக்கு வருடம் ஒப்பிட்டுப் பார்க்க வசதியாகக் கேமராவை ஒரே நிலையில் வைத்திருக்க வேண்டும் என்பது என் மகளின் கண்டிப்பான உத்தரவு. ஊசி அதைக் கால் சுற்று திருப்பி வைத்துப் படம் எடுத்தார். படத்தில் விண்மீன் திரள் திரும்பியது. தொட்டில் திரும்பவில்லை.

மகள் கேன்டீனுக்கு வந்து என் எதிரே உட்கார்ந்தாள்.

“அப்பா, தொட்டில் வானத்துல இல்லப்பா. கேமரா ஜன்னல் கண்ணாடியில ஏதோ பிசுக்கு.”

“பிசுக்கா? நான் துடைச்ச கண்ணாடியிலயா?”

“யார் துடைச்சா என்னப்பா. திருப்பிப் பாக்காதது நான். என் தப்புன்னு எழுதி வாபஸ் வாங்கிடறேன்.”

சொல்லிவிட்டு டீயை முழுதாகக் குடித்தாள். நான் என் டம்ளரின் விளிம்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் பிற்பகல் ஊசி கேமரா அறையில் தனியாக இருந்தார்.

“பெரியவரே, இந்த ஜன்னலை எட்டு வருஷம் முன்னாடி கழட்டி மாட்டினது நீங்கதானே? அதுக்கப்புறம் உள்பக்கத்தை யாரும் தொடலையே?”

“கையுறை போட்டுத்தான் மாட்டினேன்.”

“சரி சரி. கட்டைவிரலைக் கொஞ்சம் காட்டுங்க, சும்மா.”

காட்டினேன். சின்ன வயதில் தகரம் கிழித்த தழும்பு ஒன்று அதில் குறுக்கே ஓடும். பென்சில் முனையால் ரேகைகளை எண்ணினார். ஒன்பது வந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“கைரேகை ஜோசியத்துல கல்யாணம் எப்போன்னுதான் சொல்லுவாங்க. உங்க ரேகையில உலகமே நட்சத்திரப் பிரசவம் பாத்திருக்கு, பெரியவரே.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு குறிப்பேட்டில் எதையோ வரைந்தார். பிறகு என் தோளைத் தட்டினார். நல்ல மனிதர், இல்லையென்று நான் சொல்லவில்லை.

“பொண்ணைப் பத்திக் கவலைப்படாதீங்க. துடைக்கிறவரோட கவனக்குறைவுன்னு நான் எழுதிடறேன். அவங்க வேலைக்கு ஒண்ணும் ஆகாது. நீங்க எப்படியும் ஓய்வு பெறப்போறவர்தானே, உங்களுக்கென்ன?”

ஜன்னலைக் கழற்றக் குனிந்தார். என் கையில் நைட்ரஜன் கலன் நிறைய இருந்தது. நைட்ரஜன் சாதுவான பொருள். நிறமில்லை, மணமில்லை, யாரோடும் சண்டைக்குப் போகாது. மூச்சுவிடும் காற்றிடம் ‘கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள்’ என்று மட்டும் சொல்லும். கேமராவில் ஊற்ற வேண்டியதைத் தரையில் ஊற்றினேன். மின்விசிறியை நிறுத்தினேன். கதவுக்குத் தாழ்ப்பாள் வெளியே இருந்தது. இரண்டு முறை தட்டினார். நாகரிகம் தெரிந்தவர், மூன்றாம் முறை தட்டவில்லை. கதவுப் பிடியைத் துடைத்தேன். நீங்கள் நினைக்கிற காரணத்துக்காக அல்ல, அதில் தூசி இருந்தது.

அறை காற்றாடியபின் ஜன்னலை நானே கழற்றி உட்புறத்தைத் துடைத்தேன். துடைத்தபின் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒரு கறைகூட இல்லை. நான்தான் சொன்னேனே.

விபத்து என்று முடித்தார்கள். மகளின் வாபஸ் கடிதம் ‘என் கவனக்குறைவு’ என்று வெளியானது, வேலை போனது. இப்போது ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறாள். பிள்ளைகள் கொடுத்துவைத்தவர்கள்.

இரண்டு வருடம் கழித்து ஊசியின் குறிப்பேடு கிடைத்து, அதில் என் கட்டைவிரல் படமும் கிடைத்ததால்தான் நீங்கள் வந்தீர்கள். நேற்று அவளும் இங்கே ஸ்டேஷனுக்கு வந்து என்னைப் பார்த்தாள்.

“அவர் எழுதியிருந்தா நான் தப்பிச்சிருப்பேனேப்பா. அப்புறம் யாருக்காகச் செஞ்சீங்க?”

“உனக்காகத்தான் கண்ணு.”

வேறெதுவும் கேட்காமல் எழுந்து போனாள். பாசம் இருந்தால் அப்படித்தான், பேச்சு வராது.

நீங்கள் எழுதியதை வாசித்துப் பார்த்தேன். கலன், விசிறி, தாழ்ப்பாள், எல்லாம் சரி. கொலை என்ற சொல்லும் சரி. நான்காவது வரியில் ‘கவனக்குறைவால் கண்ணாடியில் பதிந்த தன் விரல்ரேகையை’ என்று இருக்கிறது, அதை மட்டும் அடித்துவிடுங்கள். கொலைகாரன் என்று எத்தனை பக்கம் வேண்டுமானாலும் எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். துடைக்கத் தெரியாதவன் என்று எழுதினால் போடமாட்டேன்.