இலையோடு வந்த கேரட்

– தோட்டச் சாவி ஒண்ணுதான் இருக்கு தம்பி. கமிட்டியில ரெண்டு குடுத்தோமே.

– இன்னொண்ணு எங்கயாவது கிடக்கும்க்கா. தேடிப் பாக்கறேன்.

– விடுங்க, எனக்கென்ன வந்துச்சு? தோட்டக் கமிட்டியில மத்தவங்கல்லாம் டீ குடிக்கிற பொறுப்பை எடுத்துக்கிட்டாங்க, சாவிக்கொத்தை மட்டும் என் இடுப்புல சொருகிட்டாங்க. எப்படியும் நீங்க விட்டுக்குடுக்குற பாத்தியை அடுத்து எடுக்கப்போற டிரைவிங் ஸ்கூல்காரர் அதோட கதவுக்குப் புதுப் பூட்டு போடப்போறார்.

– எப்போ?

– நாளைக்குக் காலையில. பூட்டை வாங்கிச் சட்டைப் பையிலயே வெச்சுக்கிட்டுத் திரியறார் மனுஷன். நடக்கும்போது ஒரு பக்கமா சாயுது. அதான் மண்வெட்டி வாசல்ல நிக்குதா? இன்னிக்குக் கொத்திப் புரட்டிடறதா எண்ணமா?

– ஆமா. குட்டியைச் சாப்பிட வெச்சிட்டுப் போகணும்.

– வேணா!

– பாத்தீங்களா, நான் கேட்டதுக்கு வாண்டு பதில் சொல்லுது. என்னடி உன் தட்டுல?

– உருளைக்கிழங்கு மசிச்சிருக்கேன். முட்டை. கொஞ்சம் ரொட்டி.

– வேணா. புடுங்கு.

– இந்தா, ஒரே ஒரு வாய். ஆ காட்டு குட்டி.

– புடுங்கூ!

– அய்யோ, போச்சு. உருளைக்கிழங்கு சுவத்துல ஏறிடுச்சு. நல்லா இருக்கு தம்பி, ஊர்ல இருக்கிற லிஃப்ட்டையெல்லாம் ரிப்பேர் பண்ணி ஏத்தி இறக்குறீங்க, ஒரு ஸ்பூனை அந்த வாய்க்குள்ள இறக்க முடியல உங்களால.

– ம்.

– துணி குடுங்க, நான் துடைக்கிறேன். அடடா, இதுக்கு முன்னாடி ஏறினதே இன்னும் காய்ஞ்சு கிடக்கே இங்க. இது என்ன, பூசணியா?

– இருக்கும்.

– நீங்க சாப்பிட்டீங்களா?

– சாப்பிட்டிருப்பேன்.

– அதென்ன இருப்பேன்?

– இவ மிச்சம் வெச்சதை நின்னுக்கிட்டே தின்ன ஞாபகம் இருக்கு. இன்னிக்கா நேத்தான்னு தெரியல.

– நல்ல குடித்தனம் போங்க. ஆமா, அது என்ன 'புடுங்கு புடுங்கு'ன்னு? காலையிலேருந்து மாடிப்படி வரைக்கும் கேக்குது. எதிர்வீட்டுத் தையல்காரம்மா, பல் முளைக்குதுன்னு சொல்றா. அவளுக்கு எதுன்னாலும் பல்லு.

– தோட்டத்துக்குப் போய் மண்ணுலேருந்து தானே புடுங்கணும். அப்படிப் புடுங்கினதைக் கடிச்சாத்தான் மத்தது உள்ள போகும். இவ அம்மா அப்படிப் பழக்கிட்டா. நடக்க வர்றதுக்கு முன்னாடியே பாத்தியில உக்கார வெச்சுப் புடுங்கச் சொல்லிக் குடுத்தா.

– உங்க வீட்டம்மா போட்ட சட்டம் இந்தக் கட்டடத்துக்கே மனப்பாடமாச்சே. இந்த ஜன்னல்லேருந்து பாத்தா தெரியற தூரத்துல விளையணும், இல்லேன்னா பிள்ளை வாயில வைக்கக் கூடாது. முட்டைன்னா தபால்காரர் வீட்டுக் கோழி போட்டதா இருக்கணும். அந்தக் கோழியையும் நேர்ல போய் விசாரிச்சிட்டு வந்தா. ஒரு தடவை நான் ஆசையா ஒரு வாழைப்பழத்தை நீட்டினேன். இது எந்த ஊர்லேருந்துக்கா வருதுன்னு கேட்டா பாருங்க, பழத்துக்கே கூச்சமாப் போச்சு.

– ம்.

– சிரிக்கலாம் தம்பி. காசா பணமா?

– சிரிச்சேனே.

– எங்க, நான் பாக்கலையே. சரி, அது கெடக்கட்டும். வீட்டம்மாவோட அக்காவுக்கு இப்ப தேவலையா?

– யாருக்கு?

– அக்காவுக்கு உடம்பு முடியல, பாத்துக்கப் போயிருக்கான்னு நீங்கதானே சொன்னீங்க. சொன்னவருக்கே மறந்துபோச்சா? போன வாரம் அந்த அக்கா வீடு இருக்கிற பஸ் டிப்போ பக்கம் ஒரு வேலையா போனேன். அக்காக்காரி தலையில ஒரு மெத்தையைத் தூக்கி வெச்சுக்கிட்டு மாடி ஏறிக்கிட்டிருந்தா. மூச்சு வாங்கல ஒண்ணும் வாங்கல. நோயாளின்னா அப்படி இருக்கணும்.

– அந்தப் பக்கம் உங்களுக்கு என்னக்கா வேலை?

– எனக்கென்ன வந்துச்சு, பஸ்ஸு அந்த வழியாப் போச்சு.

– அக்காவுக்கு ஒண்ணும் இல்ல. குட்டியோட அம்மாவுக்குத்தான்.

– என்னவாம்?

– தெரியல. ஒரு நாள் பாத்தியில களை எடுத்துக்கிட்டிருந்தா. அப்படியே உக்காந்துட்டா. குட்டி கூப்பிடுறா, நான் கூப்பிடுறேன். காதுல விழுது, ஆனா திரும்பல. ரொம்ப நேரம் கழிச்சு எழுந்து வந்து கையைக் கழுவினா. கழுவிக்கிட்டே இருந்தா. அக்கா வீட்டுக்குப் போறேன்னா. குட்டி முகத்தைப் பாக்க முடியல என்னால, யாரும் அங்க வராதீங்கன்னா. அவ்வளவுதான்.

– சண்டை ஏதாவது...

– சண்டை போட்டிருந்தா நல்லா இருந்திருக்கும்.

– போன் கீன் பண்ணிப் பாத்தீங்களா?

– அக்கா எடுப்பாங்க. தூங்குறாம்பாங்க. எப்பப் பண்ணாலும் தூங்குறா.

– ம்ம்... நான் எதுவும் கேக்கவே இல்லன்னு வெச்சுக்குங்க.

– சரிக்கா.

– கேட்டாலும் என் வாயிலேருந்து வெளிய போகாது. தையல்காரம்மாவுக்கு மட்டும் லேசா தெரியும். பாவம், அவளாவே கண்டுபிடிச்சா. வாண்டு, அத்தைகிட்ட வாடி, ஒரு வாய் வாங்கிக்க.

– வேணா. அம்மா புடுங்கு.

– அம்மாவைப் புடுங்கணுமாம்! தம்பி, நான் ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது.

– சொல்லுங்க.

– கேரட்டை நட்டு வளர்க்கிறவங்களைப் பாத்திருக்கேன். கடையில வாங்கிட்டு வந்து மண்ணுல நடுற ஆளு, நான் பாத்த வரைக்கும் நீங்க ஒருத்தர்தான்.

– பாத்துட்டீங்களா?

– அடுப்படி ஜன்னலை அந்தப் பக்கம் வெச்சுட்டான் கட்டினவன். பால் பொங்குற வரைக்கும் கண்ணை எங்க கொண்டுபோய் வைக்கிறது? அரைகுறை வெளிச்சத்துல ஒரு மனுஷன் பனியனோட உக்காந்து, விரலால குழி பறிச்சு ஒண்ணொண்ணா உள்ள விடுறார். முதல்ல தங்கம்தான் புதைக்கிறீங்கன்னு நினைச்சேன். அப்புறம் பாத்தா சிவப்பா இருக்கு.

– அவ போட்ட கேரட் வரிசை தீர்ந்துபோச்சுக்கா.

– அதுக்காக?

– அது தீர்ந்த மறுநாள்லேருந்து குட்டி வாயே திறக்கல. கிளினிக்குல நர்ஸம்மா எடை பாத்தாங்க. மெஷினைப் பாத்தாங்க, என்னைப் பாத்தாங்க. வர்ற வழியில சூப்பர் மார்க்கெட்டுல நுழைஞ்சு ஒரு பாக்கெட் கேரட் வாங்கினேன். எங்கேயோ கடல் தாண்டி வந்தது. இலையெல்லாம் வெட்டி, கழுவி, ஒரே அளவா இருந்துச்சு. அதைக் கொண்டுபோய்ச் சொருகினேன்.

– கப்பல்ல வந்ததையா? உங்க வீட்டம்மா பாத்தியிலயா? அவளுக்குத் தெரிஞ்சா மண்ணையே மாத்திடுவா.

– குட்டிக்கு ஆச்சரியம். தூக்கித் தூக்கிப் பாத்தா. மொட்ட, மொட்டன்னு சிரிச்சா. ஆனா கடிச்சா. ரொட்டி உள்ள போச்சு, முட்டை உள்ள போச்சு.

– மொட்ட!

– ஆமாடி கண்ணு, உன் தலை மாதிரி. அப்புறம் என்ன தம்பி, நல்லாத்தானே போயிக்கிட்டிருக்கு? பிள்ளை வயித்துக்குள்ள போனா சரி. ஊர்ல எத்தனையோ பொய் புழங்குது, ஒரு கேரட்டுப் பொய்யால என்ன குடி முழுகிடும்?

– அம்மா வந்து வெச்சுட்டுப் போறான்னு நினைச்சுக்கிட்டிருக்காக்கா.

– யாரு சொன்னா?

– யாரும் சொல்லல. ஒவ்வொண்ணையும் வெளிய எடுத்து எனக்கு நீட்டி, அம்மா, அம்மாங்கறா. வேலிக்கு அந்தப் பக்கம் தேடுறா. நானே கூப்பிட்டுக் காட்டி ஏமாத்துற மாதிரி இருக்கு. நாளைக்கு அவ வரவே இல்லேன்னா? அதான் நிறுத்திட்டேன். பாத்தியே இல்லேன்னா அழுதுட்டு மறந்துடுவா. நாலு நாள் பட்டினி கிடந்தாலும் அப்புறம் தட்டுல இருக்கிறதைத் திம்பா. நர்ஸம்மாவும் அப்படித்தான் சொன்னாங்க.

– உங்களுக்கு மனசு வருதா?

– மனசு வருதா வரலையான்னு தெரியல. காலையில எழுந்து மண்வெட்டியை எடுத்து வாசல்ல வெச்சேன். சாவி உங்ககிட்டயே இருக்கட்டும், கதவை மட்டும் திறந்து வெச்சிடுங்க. சாயங்காலம் வேலையை முடிச்சிட்டுச் சொல்றேன், நீங்களே வந்து பூட்டிடுங்க.

– சரி, உங்க இஷ்டம். எனக்கென்ன வந்துச்சு.

– அப்புறம்... ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன். நீங்க செஞ்சது பெரிய உதவி. ஆனா இனிமே வேணாம்க்கா.

– நான் என்ன செஞ்சேன்?

– நான் நிறுத்தினதுக்கப்புறம் நீங்கதானே கேரட் வெச்சுக்கிட்டிருந்தீங்க.

– நானா? இந்த முட்டியோடவா? நான் அந்தப் பாத்தியில குனிஞ்சா, என்னைத் தூக்க உங்க லிஃப்ட்டுதான் வரணும்.

– சும்மா சொல்லாதீங்க. போன வாரமே நான் விட்டாச்சு. காலியா இருக்கிறதைக் காட்டினா புரிஞ்சுக்குவான்னு குட்டியைத் தூக்கிட்டுப் போனேன். மண்ணுல கையை வெச்சா, கேரட் வந்துச்சு. இலையோட. மறுநாளும் வந்துச்சு. நான் வெச்சதெல்லாம் மொட்டை. இது பச்சையா இலை, கோணலும் மாணலுமா உடம்பு, சுத்தி மண்ணை அமுக்கித் தண்ணி தெளிச்சிருக்கு. மேட்டு ரோட்டுப் பண்ணையில கட்டுக் கட்டா விக்கிறாங்களே, அது. உங்க கொத்துல உபரிச் சாவி இருக்கும், இந்த ஜன்னல்லேருந்து தெரியற பண்ணையாப் பாத்து வாங்கிட்டு வந்து வெச்சிருக்கீங்கன்னு நினைச்சேன்.

– உபரியும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. ரெண்டு சாவி, ரெண்டும் உங்க வீட்டுக்குத்தான் குடுத்தோம். தம்பி, உங்களுக்குத் தூக்கம் பத்தல. இன்னிக்குக் காலையிலகூட உங்களைப் பாத்தேனே!

– என்னையா?

– உங்களைத்தான். நீங்க எங்க விட்டீங்க? நேத்தும் பாத்தேன், முந்தாநாளும் பாத்தேன். இன்னிக்கு ரொம்ப நேரம் உக்காந்திருந்தீங்க. வெச்சு முடிச்சும் எழுந்திரிக்கல. நிமிர்ந்து இந்த ஜன்னலையே பாத்துக்கிட்டிருந்தீங்க. பாவமா இருந்துச்சு, எங்க வீட்டுக்காரரை எழுப்பிக் காட்டினேன். பால் வேற பொங்கிப்போச்சு.

– முகம் தெரிஞ்சுதா?

– முகத்தை எங்க பாக்கறது, அந்தப் பனியில? அதோட மழையும் இல்ல, தூறலும் இல்ல, அந்த மஞ்சக் கோட்டைத் தொப்பியோட மாட்டிக்கிட்டு. பனியனோட வந்துக்கிட்டிருந்த மனுஷனுக்குத் திடீர்னு என்ன குளிருன்னு நானும் வீட்டுக்காரரும் பேசிக்கிட்டோம்.

– எந்தக் கோட்டு?

– எந்தக் கோட்டா? இந்தக் கதவுக்குப் பின்னாடி தொங்குமே, மழைக்கோட்டு. நீங்களும் வீட்டம்மாவும் மாத்தி மாத்திப் போடுவீங்களே, அது. என்ன தம்பி? கதவை எதுக்குச் சாத்திப் பாக்கறீங்க? வெறும் ஆணிதானே இருக்கு அங்க.

– அம்மா. புடுங்கு.

– சாவியைத் திருப்பித் தாங்கக்கா.

– ஏன்? அந்த மனுஷன் பூட்டும் கையுமா வந்து நிப்பாரே, நான் என்ன பதில் சொல்ல?

– அந்தக் கோட்டு இந்த வீட்டுல இல்லக்கா. கிளம்பின அன்னிக்கு மழை. அவதான் போட்டுட்டுப் போனா.