மச்சான் வக்கீல்

அந்த மைக்கை இன்னும் கொஞ்சம் கிட்டே நகர்த்துங்கள். சட்டசபைக்கு நாலு தடவை போனவன்; மைக் தள்ளி இருந்தால் எனக்கு யோசனையே ஓடாது. வாக்குமூலத்துக்கு முன்னால் வக்கீல் வைத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டீர்கள். நானே வக்கீல்தான், அதுவும் எனக்கு மட்டும் சலுகை விலையில் கிடைக்கிறவன்.

நீதிமன்றத்துக்கு எதிர்ச்சாரியில், ஒரு சலவைக்கடைக்கு மேலே இருந்தது என் முதல் அலுவலகம். கீழே இஸ்திரி போட்டால் மேலே என் கட்சிக்காரர்களுக்கு வியர்க்கும். வேலிச் சண்டை, வாடகைச் சண்டை, பக்கத்து வீட்டு நாய் குரைக்கிற வழக்கு. ஜெயித்தாலும் தோற்றாலும் தெருவில் யாருக்கும் என் முகம் தெரியாது.

அப்போதுதான் என் மனைவியின் தம்பி மாட்டிக்கொண்டான். லாரி ஓட்டுகிறவன், வாயாடி. ஒரு கிடங்கு தீப்பிடித்துக் காவலாளி இறந்துபோனார். முந்தின வாரம் அவரோடு இவன் கைகலந்திருந்தான். அது போதுமானதாக இருந்தது. தீப்பிடித்த நேரத்தில் சலூனில் முடி வெட்டிக்கொண்டிருந்ததாக நீதிமன்றத்தில் சொன்னான். சலூன் பூட்டிக் கிடந்தது, சலூன்காரரைக் காணவில்லை. ஆயுள் தண்டனை.

மேல்முறையீடு செய்தேன். ஊர் ஊராகக் கூட்டம் போட்டேன். ‘மச்சானை மீட்போம்’ என்று சுவரெல்லாம் எழுதினார்கள். மச்சான் வக்கீல் என்று பெயர் வந்தது. ஒரு கட்சி என்னைத் தேடிவந்து தேர்தலில் நிற்கச் சொன்னது. மனைவி வீடு வீடாக ஏறி இறங்கித் தம்பிக்காக அழுதாள். அழுத வீட்டில் ஓட்டு நிச்சயம்.

வாக்குப்பதிவுக்குக் கொஞ்சம் முன்னால் அந்தச் சலூன்காரர் மாடியேறி வந்தார். வெளிநாட்டில் மகள் வீட்டில் இருந்தாராம். வழக்கு விஷயம் அப்போதுதான் காதில் விழுந்ததாம்.

“சார், கிடங்கு எரிஞ்ச நேரத்துல உங்க மச்சான் தலை என் கையில இருந்துச்சு. பாதி வெட்டும்போது கரண்ட் போயிடுச்சு, மெஷின் நின்னுடுச்சு. அது வர்ற வரைக்கும் அரைத்தலையோட உட்கார்ந்து எனக்கு ஜோக் சொல்லிட்டிருந்தான். அந்தக் கோலத்துல எழுந்து எங்க சார் போவான்?”

இதைவிட நல்ல சாட்சி எந்த வக்கீலுக்கும் கிடைக்காது. அவருக்கு டீ வரவழைத்தேன். “நேரம் வரட்டும், நானே கூப்பிடுறேன்” என்றேன். நியாயமாக யோசித்துப் பாருங்கள். மச்சான் அந்த வாரமே வெளியே வந்திருந்தால், யாரை மீட்பேன் என்று நான் ஓட்டுக் கேட்பது?

ஜெயித்தேன். சிறைக்குப் போனபோது கம்பிக்கு அந்தப் பக்கம் அவனுக்கு என்னைவிடச் சந்தோஷம்.

“மாமா, சட்டசபையில தூங்கிடாதீங்க. டிவியில காட்டுவாங்க, இங்க என் மானம் போயிடும்.”

மேல்முறையீட்டை சலூன்காரர் இல்லாமலே வாதாடினேன். தோற்றாலும் நல்ல வாதம், நீதிபதியே பாராட்டினார். சலூன்காரருக்குத் தூரத்து ஊரில் ஒரு கல்லூரி விடுதியில் கடை பிடித்துக் கொடுத்தேன். அவரும் நன்றாக இருந்தார். எல்லாரும் நன்றாகத்தான் இருந்தோம்.

பிறகு என் சட்டம். புதிய சாட்சி கிடைத்தால் பழைய தீர்ப்பை மறுபடி விசாரிக்கலாம் என்ற சட்டம். முதல் பிரதியை நானே எழுதினேன். வரைவுப் பிரிவு அதிகாரி ஒரு கெட்டிக்கார அம்மாள். படித்துவிட்டு என் அறைக்கே வந்தார்.

“சார், ‘இனி தண்டனை பெறுவோர்’னு போட்டிருக்கீங்க. அந்த ‘இனி’ இருந்தா ஏற்கனவே உள்ள இருக்கிறவங்களுக்குப் பொருந்தாது. உங்க மச்சானுக்கே பொருந்தாதே?”

“இருக்கட்டும்மா. முதல்ல சட்டம் வரட்டும். திருத்தம் பிறகு பார்த்துக்கலாம்.”

மேசைகளைத் தட்டி நிறைவேற்றினார்கள். அடுத்தடுத்த வருஷங்களில் அவனுக்குப் பின்னால் உள்ளே போனவர்கள் பலர் அவனுக்கு முன்னால் வெளியே வந்தார்கள். மனு எழுத அவனே உதவினானாம். வந்தவர்கள் இனிப்புப் பெட்டியோடு என் வீட்டுக்கு வருவார்கள். மனைவி கதவைத் திறந்து வாங்கி வைப்பாள்.

“என்னங்க, இவனுக்கு மட்டும் ஏன் இல்லை?”

“ஒரு வார்த்தை விட்டுப்போச்சு. அடுத்த கூட்டத்தொடர்ல பார்த்துக்கிறேன்.”

விட்டுப்போகவில்லை, சேர்ந்துவிட்டது. ஆனால் சட்ட நுணுக்கத்தை வீட்டில் எப்படி விளக்குவது? மாமியாரும் அதையே கேட்டார். அவருக்கும் அடுத்த கூட்டத்தொடர் என்றுதான் சொல்லியிருந்தேன். இரண்டு கூட்டத்தொடர்களுக்கு நடுவில் காலமாகிவிட்டார். அப்போது சபை கூடாத காலம். என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அவனுக்குப் பேசி வைத்திருந்த பெண்ணுக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆனது. நானே போய் வாழ்த்திவிட்டு வந்தேன். தேர்தலுக்குத் தேர்தல் சுவரில் எழுதிய வாசகத்தை மாற்ற வேண்டியிருக்கவில்லை. வெள்ளையடிக்கிற செலவு மிச்சம்.

போன மாதம் எதிர்க்கட்சியிலிருந்து புதிதாக வந்த ஒருவர், முன்னாள் உடற்பயிற்சி ஆசிரியர், ‘இனி’ என்பதை நீக்கத் திருத்தம் கொண்டுவந்துவிட்டார். கடைசி நாள், கடைசி அலுவல். நான் எதிர்க்க முடியுமா? ஆதரித்துப் பேசினேன். சபை நேரம் முடிகிறவரை ஆதரித்துப் பேசினால் திருத்தம் தானாகக் காலாவதியாகிவிடும். கைதிகளின் தாய்மாரைப் பற்றி நான் பேசப்பேசச் சபையில் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். சபாநாயகரும் நெகிழ்ந்துபோய் நேரத்தை நீட்டித்துவிட்டார், திருத்தம் நிறைவேறிவிட்டது. என் வாழ்க்கையின் சிறந்த பேச்சு அது. அதுதான் என்னைக் கவிழ்த்தது.

அந்த ஆசிரியரே சலூன்காரரையும் தேடிப் பிடித்துவிட்டார். மறுவிசாரணையில், இத்தனை வருஷம் எங்கே போயிருந்தீர் என்று நீதிபதி அவரைக் கேட்டார். “சார்தான் நேரம் வரட்டும்னு சொன்னாங்க” என்று அவர் என்னைக் காட்டினார். அவருக்கு என்மேல் கோபமில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார். பார்வையாளர் வரிசையில் என் மனைவி இருந்தாள். மச்சானை அன்று சிறையிலிருந்து நீதிமன்றத்துக்கு அழைத்து வரவில்லை; அவன் இதைக் கேட்கவில்லை.

ஆக, எழுதிக்கொள்ளுங்கள். சாட்சியை மறைத்தது நான். அந்த வார்த்தையைத் தெரிந்தே போட்டது நான். அவன் நிரபராதி என்பது முதல் தேர்தலுக்கு முன்பே எனக்குத் தெரியும்.

நேற்று அவன் வெளியே வந்தான். தலை முழுக்க நரைத்துவிட்டதாம். வாசலில் நின்று சுற்றிச்சுற்றிப் பார்த்துவிட்டு, “அக்கா, மாமா எங்கே?” என்று கேட்டானாம். அவள் அவன் பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தாளாம். பதில் சொல்லியிருக்கலாம். இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட அவனை நான் நம்பிக்கை இழக்க விட்டதில்லை.