ஃபைல் கீது

சிறுசேரியில் எங்கள் ஆபீஸ் கேன்டீன் சாம்பார் பிரமாதமாக இருக்கும். என் போன் அதை ஒரு நாளும் சூடாகச் சாப்பிட விடவில்லை, சார். அங்கேதான் ஆரம்பித்தது.

மாமல்லபுரம் பக்கத்துக் குப்பங்களுக்குக் கடல் எச்சரிக்கை அனுப்பும் கம்ப்யூட்டர் ஸ்கிரிப்ட் என் பொறுப்பு. மதியம் வானிலை மையத்திலிருந்து ஒரு ஃபைல் வர வேண்டும். ஸ்கிரிப்ட் முதலில், ஃபைல் இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் அதில் ‘அபாயம்’ என்ற சொல்லைத் தேடும். கிடைத்தால் கடலுக்குப் போகாதீர்கள் என்றும், கிடைக்காவிட்டால் போகலாம் என்றும் மீனவர்களின் போனுக்குச் செய்தி போகும். ஃபைலே இல்லையென்றால் போகாதீர்கள் என்று சொல்லிவிட்டு, என் போனை அலற விடும். பாதி நாள் ஃபைல் தாமதமாகத்தான் வந்தது. நானும் எத்தனை நாள்தான் எச்சில் கையோடு ஓடுவது.

ஒரு வரி சேர்த்தேன். ஃபைல் இல்லாவிட்டால் அதே பெயரில் காலி ஃபைல் ஒன்றை உண்டாக்கு. பிறகு இருக்கிறதா என்று பார். இருக்கத்தானே செய்யும். போன் அடங்கியது. மேனேஜர் விஜயகுமாரி மேடம் பாராட்டி மெயில் போட்டார்.

என் டீமில் இருக்கும் ஹேமந்த் அந்தக் குப்பத்துக்காரன். அவன் அப்பா மாரி இன்னும் படகில் போய்க்கொண்டிருந்தார். ஒருமுறை எனக்கு வஞ்சிரம் கொடுத்தனுப்பினார், நல்ல மீன். அந்த வரியை ஹேமந்த்தான் மீட்டிங்கில் கண்டுபிடித்துச் சொன்னான்.

“ஃபைல் கீதான்னு மட்டும் பாத்தா பத்தாது, அண்ணாத்த. உள்ள இன்னா கீதுன்னு பாக்கணும். எங்க நைனா இத்த நம்பித்தான் கடலுக்குப் போட்ட தள்றாரு.”

‘கீது’ என்றதும் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆபீசில் ஒழுங்கான தமிழ் பேசப் பழகு என்று புத்தியும் சொன்னேன். ஃபைல் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் -f இருக்கும் இடத்தில், உள்ளே ஏதாவது இருக்கிறதா என்றும் பார்க்கும் -s போட வேண்டும், ஓர் எழுத்து வேலை. போட்டிருந்தால் அவன் சொல்லித் திருத்தியதாக ஆகிவிடும். எனக்கு அது பிடிக்கவில்லை. மாற்றிவிட்டேன் என்று மறுநாள் சொல்லிவைத்தேன். நம்பிவிட்டான்.

நீங்கள் விசாரிக்கும் அந்த மதியம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. ஹேமந்த் என் மேஜைக்கு வந்து, “ஃபைல் கீதா?” என்று கேட்டான். அப்போதுதான் திறந்து பார்த்திருந்தேன், உள்ளே ஒன்றுமில்லை; ‘அபாயம்’ கிடைக்காததால் போகலாம் என்ற செய்தி போயிருந்தது. “இருக்கிறது” என்றேன். அங்கேயே நின்று அப்பாவுக்குப் போன் செய்தான்.

“ஃபைல் கீதாம் நைனா. மெசேஜ் சரிதான், போய்ட்டு வா.”

நான் சாப்பிடப் போனேன். உண்மையான ஃபைல் சாயங்காலம் வந்தது. அதில் அபாயம் என்று இருந்தது. அதற்குள் படகு போய்விட்டிருந்தது. பிறகு கரை ஒதுங்கியது படகு மட்டும்தான்.

காலி என்று தெரிந்தேதான் சொன்னேன், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் பொய் சொன்னதாக எழுதாதீர்கள் சார், அவன் கேட்டதற்குத்தான் பதில் சொன்னேன். இன்னொன்றும் இருக்கிறது. மாரியைப் போகச் சொன்னது நான் இல்லை, அவர் மகன். அவனையும் கூப்பிட்டு ஒரு வார்த்தை விசாரிப்பதுதான் நியாயம்.